இடம் கலைக்கப்பட்டிருக்கிறதா

நான் எப்போதும் இரண்டு நாள் பிந்தித்தான் போவேன்.
தீயணைப்பு வண்டிகள் இறங்கிப் போன பிறகு,
தொலைக்காட்சிக்காரர்கள் வேறு மலைக்கு மாறிய பிறகு,
இனித் தொட்டால் சுடாது என்று
யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகு.

கேமரா கம்பெனியுடையது.
கூடவே ஒரு மஞ்சள் அளவுகோல், முப்பது சென்டிமீட்டர்.
இழந்தது எதுவானாலும் பக்கத்தில் அதை வைக்க வேண்டும்.
அறைக்கு நாலு மூலை,
மூலைக்கு ஒரு படம்.

பிப்ரவரிப் புயலில்
ஒரு படகுக் கொட்டகையின் கூரை பறந்துபோய்க்
கால்பந்து மைதானத்தில், கோல் வலைக்குள்
அலுங்காமல் உட்கார்ந்திருந்தது.
காவலாளி சிரித்தான். நானும்.
கொய்ம்ப்ரா அலுவலகத்துக்கு அனுப்பிய படத்தில்
கூரையும் அளவுகோலும் மட்டும் இருக்கின்றன.

பெரும்பாலும் இவ்வளவுகூட இல்லை.
மாடி வீட்டில் குழாய் ஒழுகி
கீழ்வீட்டு மெத்தை நனைந்தது.
கல்யாண மண்டபத்தில் ஒரு நாற்காலிக் கால்.
பூனை தள்ளிய தொலைக்காட்சி
(பூனை மறுத்தது).

இந்த ஆகஸ்ட்டில் காஸல் டூ ஃபேட்டோ.
சாலையின் இருபுறமும் தைல மரங்கள் நின்றபடியே கரியாகி,
மணம் மட்டும் இன்னும்
ஜலதோஷத்துக்குப் பூசிக்கொள்வதுபோல.
வாசலில் ஒரு கார்.
சக்கரத்து அலுமினியம் உருகிச் சரிவில் வழிந்து
ஒரு முழம் ஓடி உறைந்திருந்தது.
அளவுகோல் போதவில்லை.
இரண்டு முறை வைத்தேன்.

எட்டெல்வினா, தபால் வண்டி ஓட்டுகிறவள்,
கூரை இல்லாத வீட்டைப்
பெருக்கிக்கொண்டிருந்தாள்.

எதையும் தொடவேண்டாம் என்று சொல்லியிருந்தோமே, என்றேன்.
ஆள் வருகிறார் என்றும் சொன்னீர்கள், என்றாள்.
ஆள் வரும்போது வீடு இப்படியா கிடக்கும்?

துடைப்பம் பக்கத்து ஊரில் இரவல் வாங்கியது.
ஒரு வாளித் தண்ணீரை வாசற்படியில் ஊற்றி
என் காலணியைப் பார்த்தாள்.
கதவில்லாத நிலையில் நின்று
இரண்டு கால்களையும் துடைத்துக்கொண்டு நுழைந்தேன்.

இது சமையலறை, என்றாள் காற்றைக் காட்டி.
இது கூடம்.
நீங்கள் நிற்பது என் தம்பி ஆர்மிந்துவின் கட்டில்.
சட்டென்று நகர்ந்தேன்.
எங்கே நகர்வது என்று தெரியாமல்
அலமாரிமேல் நின்றேன் போலிருக்கிறது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சுவரே இல்லாத அறைக்கு மூலை எது?
அவள் போய்ப் போய் நின்றாள்.
நான் அவளை மூலையாக வைத்து எடுத்துவிட்டு
பிறகு, தயவுசெய்து நகருங்கள் என்றேன்.

பின்பக்கம் துணிக்கொடிக் கம்பி அறுபடவில்லை.
அதில் துணி இல்லை, கிளிப்புகளின் பிளாஸ்டிக்கும் இல்லை,
சின்னச் சின்ன எஃகுச் சுருள்கள் மட்டும்
வரிசையாகத் தொற்றிக்கொண்டிருந்தன.
பதினொன்று, என்று எழுதினேன்.
பன்னிரண்டு, என்றாள்.
குனிந்து சாம்பலைக் கிளறி
பன்னிரண்டாவதை எடுத்து
உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

கிளம்பும்போது, அந்த எலுமிச்சையையும் எடுங்கள், என்றாள்.
ஒரு பாதி கருகிய மரம்.
மறுபாதியில் ஏழு காய்,
பச்சை, ஒரு பொட்டுக் கருப்பில்லை.
இழக்காததற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
எடுத்தேன்.
முப்பத்தேழாம் படம்.
பொருத்தமற்றது என்று திரும்பி வரும், தெரியும்.

இரவு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
மத்தி முள்ளையும் ரொட்டித் துணுக்கையும் ஒதுக்கிவிட்டுப்
படிவம் நிரப்பினேன்.
பழக்கதோஷத்தில்
ஒயின் கோப்பை விட்டுப்போன வட்டத்தின் பக்கத்தில்
அளவுகோலை வைத்திருக்கிறேன்.
இல்தா அதை எடுத்து
முதுகைச் சொறிந்துகொண்டு
படுக்கப் போனாள்.

கடைசிக் கேள்வி:
இடம் கலைக்கப்பட்டிருக்கிறதா?
ஆம் என்றால் தொகையில் கால்பங்கு போகும்.

இல்லை, என்று குறித்தேன்.

எல்லாப் படத்திலும்
துடைப்பத்தின் கோடுகள்
தெளிவாகவே விழுந்திருக்கின்றன,
இல்லாத சுவர் வரைக்கும் போய்
அங்கே நின்று
திரும்பி.